வடிவு உட்கார எடுத்துக்கொண்ட நேரம்

எங்கள் ஆஸ்பத்திரியில் காந்தத்தை ஓட்டினால் நோயாளியின் சதை ஆட்களாக இறங்கி வந்து பக்கத்துக் கூடத்தில் உட்காரும். கிலோவுக்கு ஓர் ஆள். எலும்பு இறங்காது, அது காந்தத்துக்குள் போர்வையின் அடியிலேயே படுத்திருக்கும். ஐம்பது கிலோ சதை என்றால் ஐம்பது பேர், ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடத்தில் நாற்காலி போதாவிட்டால் வராந்தாவில் கிடப்பவற்றை எடுத்துப் போடுவோம்.

காந்தம் உண்மையில் பிடிப்பது சதையிலுள்ள தண்ணீரைத்தான். ஆகையால் இறங்கி வருகிறவர்களின் பாதம் ஈரமாக இருக்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் தரையைத் துடைக்க வேண்டும்.

இருபத்துமூன்று வருடங்களாக அந்தக் கூடத்தில் நான் நேரம் பார்க்கிறேன். காந்தத்துக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்கும். கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தட்டல் நின்றதும் உட்காருவார்கள். தட்டல் நின்றதிலிருந்து ஒவ்வொருவரும் தன் நாற்காலியில் உட்கார எடுத்துக்கொள்ளும் நேரத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நல்ல சதை ஒரு நொடிக்குள் உட்கார்ந்துவிடும். அதற்கு வேலை இருக்கிறது, போதுமென்ற இடமும் இருக்கிறது. கெட்ட சதைக்கு ஒரு நாற்காலி போதாது. மற்றவர்கள் உட்காரட்டும், பக்கத்து இடத்தையும் சேர்த்து எப்படி நெருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே நிற்கும். ஒன்றரை நொடிக்கு மேல் நின்றால் 'தாமதம்' என்ற கட்டத்தில் எழுதுவோம். தாமதமானவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் உள்ளே திரும்பிப் போய் நோயாளியாக எழுந்து வீட்டுக்குப் போவார்கள். பின்வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அது வேறு பிரிவு.

எந்தக் கிலோ எந்த வயதில் ஏறியதோ அந்த வயதின் முகத்தோடும் அன்றைய உடுப்போடும்தான் அது இறங்கி வரும். மனிதர்கள் எடை போடுவது பெரும்பாலும் சின்ன வயதில். எனவே உள்ளே எழுபது வயதுக் கிழவர் படுத்திருந்தாலும் கூடத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகள்தான் இருப்பார்கள். முதல் மூன்று கிலோவும் கைக்குழந்தைகள். அவர்களைப் பெரியவர்கள் யாராவது இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். யார் இடுப்போ அவருடைய நேரத்தையே குழந்தைக்கும் எழுதுவோம்.

என்னைத் தவிர நேரம் பார்க்கிறவர் லூர்துராஜ். நல்ல மனுஷர், ஆனால் அவருடைய கட்டைவிரல் சோம்பேறி. தட்டல் நின்று, அது அவர் காதில் விழுந்து, கட்டைவிரல் கொட்டாவி விட்டு எழுந்து பொத்தானை அழுத்துவதற்குள் பாதிக் கூடம் உட்கார்ந்திருக்கும். அவர் கையில் கெட்ட சதை நல்ல சதையாகத் தப்பித்துவிடும் என்பது என் அபிப்பிராயம். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"நீங்க மட்டும் என்ன அண்ணாச்சி, பொறக்கும்போதே கையில வாட்ச்சோட பொறந்தீங்களா?" என்று கேட்பார்.

பிறக்கவில்லை. ஆனால் இருபத்துமூன்று வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

சண்முகவடிவு என் தங்கை. எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். வாசல் அறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். போன ஆவணியிலிருந்து வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி என்றாள். சாப்பாடு குறைந்தது. தன் ரவிக்கைகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் மூன்று தடவை பிடித்தாள். மூன்றாவது தடவை ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல பிடிச்சா தையல் நிக்காதுண்ணே" என்றாள். அன்றைக்கே டாக்டர் மங்களேஸ்வரியிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஒரு கிலோ அளவுக்குக் கெட்டிருக்கும்னு நினைக்கிறேன். யாருன்னு தெரிஞ்சா அவங்களை மட்டும் எடுத்துடலாம். இப்ப எடுத்தா உங்க தங்கச்சி பிழைச்சுக்குவாங்க. விட்டா கஷ்டம்" என்றார்.

யார் என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்து சொல்வதுதானே என் வேலை.

சோதனையைப் புதன்கிழமை காலைக்கு வைத்தார்கள். அன்றைக்கு முறை லூர்துராஜுக்கு. நோயாளியின் உறவினர் கூடத்தில் நேரம் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. உறவுக்காக எண்ணைக் குறைத்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் குறைத்து எழுத மாட்டேன். எனவே அந்த விதி எனக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தேன். லூர்துராஜின் கட்டைவிரலை நம்பி வடிவை விட எனக்கு மனசு வரவில்லை.

"முறையை மாத்திக்குவமா?" என்று கேட்டேன்.

"விதி இருக்கே அண்ணாச்சி."

"நான் யாருன்னு உமக்குத் தெரியாதா?"

"அது தெரியாமலா" என்று கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வடிவின் சதை நாற்பத்துமூன்று கிலோ. கூடத்திலிருந்த நாற்காலிகள் போதாமல் வராந்தாவிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார்கள். அவர்கள் இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் நேரம் பார்ப்பவர் உள்ளே போக வேண்டும். நான் நுழைந்ததும் தட்டல் தொடங்கியதும் ஒன்றாக நடந்தன. நாற்பத்துமூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

எல்லோரும் வடிவு. அரைஞாண் கட்டிய வடிவு, அம்மைத்தழும்பு ஆறாத வடிவு, வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டுப் பள்ளிக்கூடம் போன வடிவு. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி, நான்காம் வகுப்பில் இரண்டு பேர். தாவணிக்காரிகள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். கழுத்தில் அளவு நாடா போட்ட வடிவு ஒரு கைக்குழந்தையை வைத்திருந்தாள். மற்ற இரண்டையும் தாவணிக்காரிகள் வாங்கியிருந்தார்கள். இத்தனை வருடம் எவ்வளவோ பேருடைய பிள்ளைப் பருவத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓரடி முன்னால் போய்விட்டேன். இருந்தாலும் கட்டைவிரல் அதன் இடத்தில் சரியாக இருந்தது.

தட்டல் நின்றது. பொத்தானை அழுத்தினேன்.

கடைசி வரிசையில் ஊதா நிறப் புடவை கட்டிய ஒருத்தி உடனே உட்கார்ந்தாள். அரை நொடிகூட ஆகவில்லை. வடிவிடம் அப்படி ஒரு புடவையை நான் பார்த்ததே இல்லை. மற்ற யாரும் உட்காரவில்லை. எல்லா நாற்காலிகளும் காலியாக இருந்ததால் அவளுக்குப் பார்த்து நிற்க வேண்டிய வேலையே இல்லை. உட்கார்ந்த வேகத்தில் காலை நீட்டி முன்வரிசை நாற்காலிமேல் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை நொடி கடந்தது. மூன்று. ஐந்து. நாற்பத்திரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை கெட்டுவிட்டாளே என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். இடம் தேடி நிற்கிறவர்கள் நாற்காலிகளைப் பார்ப்பார்கள். இவர்கள் யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து நான் நிற்கும்போது வடிவு உட்கார்ந்ததில்லை. நான் வேலை முடிந்து வந்தால் மிதியிலிருந்து காலை எடுத்து எழுந்து நிற்பாள். நான் சட்டையைக் கழற்றி, முகம் கழுவி, வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி மிஷின் சத்தம் கேட்கும். அதை நான் மரியாதை என்றுகூட நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் கதவு, ஜன்னல் இருப்பதைப்போல் அதுவும் இருந்தது.

நேரம் பார்ப்பவருக்குக் கூடத்தில் நாற்காலி கிடையாது. பேசவும் கூடாது. பதினோராவது நொடியில் பேசினேன்.

"உக்காருங்கம்மா."

மூன்றாம் வகுப்பு வடிவு பதில் சொன்னாள். "நீங்க நிக்கீங்களேண்ணே."

கூடத்தைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு உள்ளே நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. கடிகாரத்தை நிறுத்தினேன். பத்தொன்பது நொடி.

வராந்தா ஜன்னல் திட்டில் தாளை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். ஊதாப் புடவைக்கு அரை. மற்றவர்களுக்குப் பத்தொன்பது. ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்பதைப் போடாமல் விட்டால் போதும். ஒரு நொடி, நல்ல சதை, வடிவு வீட்டுக்கு வந்துவிடுவாள். யாரும் கேட்கப் போவதில்லை. என் கையெழுத்தை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. நாற்பத்திரண்டு தடவை ஒன்று போட்டேன். நாற்பத்திரண்டு தடவை பக்கத்தில் ஒன்பதும் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். நேற்றுவரை ஊராருக்கு எழுதிய கை, இன்றைக்குத் தங்கைக்கு மட்டும் வேறு மாதிரி எழுத மறுத்தது. டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம், புரிந்துகொள்வார் என்றும் நினைத்தேன்.

டாக்டர் மங்களேஸ்வரி தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"இவ்வளவு முத்திடுச்சா?"

"இல்ல டாக்டரம்மா. அவங்க எனக்காக நின்னாங்க. நான் உக்காராம அவ உக்கார மாட்டா."

"விதி எதுக்குன்னு நினைச்சீங்க, ஆவுடையப்பன்?"

"நேரத்தைக் குறைச்சு எழுதிரக் கூடாதுன்னு."

"குறைச்சு எழுதற அண்ணன் யாரையும் நான் இதுவரைக்கும் பார்க்கலை" என்றார் டாக்டர். "அதே நாள்ல இன்னொரு தடவை ஓட்டலாம். ரெண்டாவதும் முதலாவதும் ஒத்துப்போச்சுன்னா அதுதான் முடிவு. லூர்துராஜ் பார்க்கட்டும். நீங்க எங்கேயாவது உக்காந்துக்கங்க. நீங்க உக்காந்திருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. ஆனால் வராந்தாவில் நாற்காலி இல்லை. எல்லாம் கூடத்துக்குள் இருந்தன. தெருமுனை டீக்கடையில் பெஞ்சு இருக்கிறது, அங்கே போயிருக்கலாம். போகவில்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்குப் பயமாக இருக்குமே என்று தோன்றியது. கூடத்துக் கதவின் கீழ்ப்பாதியில் கண்ணாடி இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு நேரே, அவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்த உட்காரலைப்போல் என் வாழ்நாளில் நான் எதையும் அக்கறையாகச் செய்ததில்லை.

தட்டல் தொடங்கியது. எழுந்தார்கள். தட்டல் நின்றது. மூன்றாம் வகுப்பு வடிவு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். லூர்துராஜ் என் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினார். ஒரு நொடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய கட்டைவிரலைப் பற்றி அதுவரை பேசியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவர் விரலை மடக்கவில்லை. அந்த விரலாலேயே தரையைக் காட்டினார்.

அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தரையில் இருக்கும்போது தங்கை எப்படி நாற்காலியில் உட்காருவாள்? தாவணிக்காரிகள் பாவாடையை ஒதுக்கிச் சம்மணம் போட்டிருந்தார்கள். அளவு நாடாக்காரி குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். ஊதாப் புடவைக்காரி மட்டும் தன் நாற்காலியில் இருந்தாள். இந்த முறை இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

லூர்துராஜ் வெளியே வந்தார். "என்ன அண்ணாச்சி எழுதட்டும்? நேரம் ஒரு நொடிதான். ஆனா எடம் மாறிட்டாங்களே."

"உள்ளதை எழுதும்" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

தன் நாற்காலிக்குத் திரும்பாமல் வேறு இடத்தில் உட்காரும் சதைக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதன் தலைப்பு 'பரவியது'. லூர்துராஜ் அந்தக் கட்டத்தில் நாற்பத்திரண்டு கோடுகள் போட்டார். கைக்குழந்தைகளுக்குப் போடும்போது மட்டும் கொஞ்சம் மெல்லப் போட்டார்.

டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். முதல் தாளில் நாற்பத்திரண்டு கெட்டது, ஒன்று நல்லது. இரண்டாவது தாளிலும் நாற்பத்திரண்டு கெட்டது, ஒன்று நல்லது. அந்த ஒன்றும் இரண்டு தாளிலும் ஒரே ஆள். "ஒத்துப்போகுது" என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "நீங்க சொன்னதை நான் நம்பறேன், ஆவுடையப்பன். ஆனா அதை எழுதக் கட்டம் இல்லை."

உறவினர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். நேரம் பார்ப்பவர் கையெழுத்துக்குக் கீழேயே அந்த இடம் இருந்தது.

பின்வாசலைத் திறந்தார்கள். நானும் கூடத்துக்குள் போனேன், நான் நிற்கவும் நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அந்தப் பிரிவிலிருந்து வந்த பெண்மணி பச்சை உடுப்பில் இருந்தார், பொறுமைசாலி. "வாங்கம்மா, வரிசையா வாங்க" என்று கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். நகரவில்லை. பெண்மணி டாக்டரைப் பார்த்தார், டாக்டர் என்னைப் பார்த்தார்.

வடிவு ஒருநாளும் என்னிடம் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. நூல் வாங்கப் போனாலும் சொல்வாள். நான் 'சரி' என்ற பிறகுதான் செருப்பைப் போடுவாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் அவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள், எத்தனை நாளானாலும். ஆனால் குழந்தைகளை வைத்திருந்தவர்கள் இடுப்பை மாற்றிக்கொண்டார்கள். நான்காம் வகுப்புக்காரி ஒருத்தி ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கணுக்காலில் வலி உண்டு. இந்தப் பிள்ளைகளை எவ்வளவு நேரம் நிற்கவைப்பேன்?

"போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

அவர்கள் போனார்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். ஒவ்வொருத்தியும் என்னைக் கடக்கும்போது "போயிட்டு வாரேண்ணே" என்றாள். நாற்பத்திரண்டில் பேசத் தெரியாதவர்களைத் தவிர மற்ற எல்லோரும் சொன்னார்கள். நான் ஒவ்வொருத்திக்கும் 'சரி' சொன்னேன். ஒருத்தியைக்கூட விட்டுவிடவில்லை. கடைசியில் அளவு நாடாக்காரி நின்றாள். "கோடிவீட்டு அக்கா ரவிக்கைக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கி. துணியலமாரியில ரெண்டாம் தட்டுல இருக்கு. கேட்டா குடுத்துருங்கண்ணே" என்றாள். சரி என்றேன். அவளும் போனாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

தரையில் ஈரக் கால்தடங்கள் பின்வாசல்வரை போயிருந்தன. துடைக்க வந்தவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். சின்னத் தடங்கள் முதலில் காய்ந்தன. பெரியவை காய நேரமானது. நான் பழக்கத்தில் கடிகாரத்தை அழுத்தியிருந்தேன். எவ்வளவு ஆயிற்று என்று பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

மிச்சமிருந்த ஊதாப் புடவைக்காரி உள்ளே போய், எலும்போடு சேர்ந்து, வடிவாக எழுந்து வந்தாள். சீட்டில் 'முழுக் குணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பேருந்தில் வடிவுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து சோறு கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு போட்டேன்.

மறுவாரம் இரண்டு பேராக இருந்தாள். மாதக் கடைசியில் ஐந்து பேர். எல்லோருக்கும் ஊதாப் புடவை. யாரும் மிஷினைத் தொடவில்லை. நல்ல பசி. எனக்குச் சமைக்கத் தெரிந்தது மூன்று குழம்புதான், அதையே மாற்றி மாற்றி வைத்தேன். கோடிவீட்டு அக்கா வந்தபோது ரவிக்கையை இரண்டாம் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொக்கியை நானே தைத்திருந்தேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிவு தையல் மாதிரியில்லயே" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு அவளைப் பற்றி யாரிடமாவது ஓர் அரைமணி நேரம் பேச வேண்டும்போல் இருந்தது. அவர் போய்விட்டார்.

கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை காந்தம் உண்டு. இந்த வருடம் தை மாதத்தில் என் முறை வந்தது. எனக்கு எலும்பு போக அறுபத்திரண்டு கிலோ. லூர்துராஜ்தான் நேரம் பார்த்தார். நான் உள்ளே எலும்பாகப் படுத்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை. தாளில் இருந்ததைப் படித்தும் லூர்துராஜ் சொல்லியும் தெரிந்துகொண்டதுதான்.

அறுபத்திரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அறுபத்திரண்டு பேர் இறங்கினோம். தட்டல் நின்றதும் இருபது பேர் உட்கார்ந்தார்கள். மற்ற நாற்பத்திரண்டு நாற்காலிகளில் துண்டு போட்டிருந்தது. பெரியவர்கள் தோளிலிருந்த துண்டைப் போட்டிருந்தார்கள், பள்ளிக்கூட வயதுக்காரர்கள் புத்தகப் பையை வைத்திருந்தார்கள். துண்டு போட்ட நாற்பத்திரண்டு பேரும் தங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். லூர்துராஜ் நாலு நிமிடம்வரை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். தாமதம், நாற்பத்திரண்டு. வருகிற செவ்வாய்க்கிழமை பின்வாசலைத் திறக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பேசக் கூடாது என்ற விதியை லூர்துராஜும் மீறியிருக்கிறார். முன்வரிசையில் அரும்பு மீசையோடு நின்ற பதினைந்து வயதுக்காரனிடம் போய், "தம்பி, அந்தத் துண்டை எடுத்துட்டு உக்காரேன்ப்பா" என்று கேட்டாராம். அவன் துண்டின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, "ஆள் வருது" என்றானாம். லூர்துராஜ் அதைக் குறிப்பில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.